முதல் கவளமும் இறுதித் தீர்ப்பும்

பெங்களூரில் ஒரு புதிய உணவகம் திறக்கப்பட்டால், வாயிலில் கட்டிய மாவிலைத் தோரணம் காய்வதற்குள் அதைப் பற்றிய தீர்ப்புகள் வெளியாகிவிடுகின்றன. சனிக்கிழமை மாலை நான்கு மாணவர்கள் உள்ளே நுழைகிறார்கள். பெயர்ப்பலகையைப் படமெடுக்கிறார்கள், மேசையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டி மெனுவைத் திறக்கிறார்கள், முதல் தட்டு வந்ததும் மீண்டும் படமெடுக்கிறார்கள். கை கழுவிவிட்டு வருவதற்குள் ஐந்தில் எத்தனை நட்சத்திரம் என்பது முடிவாகிவிடுகிறது. அந்த எண்ணும் அதனுடன் எழுதப்படும் நான்கு வரிகளும் அவ்வுணவகம் இயங்கும் காலம் முழுவதும் அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதே மாணவர்கள் தம் ஆய்வுத் துறையில் இப்படி நடந்துகொள்வதில்லை. களப்பணிக்குச் சென்ற ஒருவர், முதல் நாள் கேட்ட பத்துச் சொற்களைக் கொண்டு ஒரு வட்டார வழக்கின் ஒலியமைப்பை வரையறுத்து எழுதினால், நெறியாளர் அதை ஒரு பொருட்டாகவே கொள்ளமாட்டார். முதல் நாள் எழுதப்படுவதற்குக் களக்குறிப்பு என்று பெயர். அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் முடிவுரையின் இடத்தில் அதை யாரும் வைப்பதில்லை. புதிய உணவகத்தில் ஒரு வேளை உண்டுவிட்டு எழுதுவதும் களக்குறிப்பே. அதைத் தீர்ப்பாக வெளியிடும் பழக்கம், உணவைவிட மொழியையும் வர்க்கத்தையுமே அதிகம் அளக்கிறது என்பதும், அதன் விலையைச் சிறு உணவகங்களும் அவற்றின் கடைநிலைப் பணியாளர்களுமே செலுத்துகிறார்கள் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

முதல் வருகையில் உண்மையில் எது மதிப்பிடப்படுகிறது? உணவு நாவைத் தொடுவதற்கு முன்பே உண்பவர் பலவற்றை வாசித்துவிடுகிறார். முதலாவது, பெயர்ப்பலகை. கர்நாடகத்தில் 2024இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி வணிகப் பெயர்ப்பலகையில் 60 விழுக்காட்டு இடம் கன்னடத்துக்கு உரியது. ஆகவே பலகையில் எந்த மொழி இருக்கிறது என்பதைவிட, பெயருக்கு எந்தச் சொல் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதே உரிமையாளரின் மனத்தைக் காட்டுகிறது. இந்நகரின் பழைய சிற்றுண்டிச் சாலைகளின் பெயர்கள் எளியவை: மாவள்ளி டிஃபன் ரூம், சென்ட்ரல் டிஃபன் ரூம், வித்யார்த்தி பவன். பின்னர் வந்தவை ‘தர்ஷினி’, ‘சாகர்’ போன்ற பின்னொட்டுகளைத் தாங்கின. இப்போது திறக்கப்படுபவற்றில் பாட்டியைக் குறிக்கும் ‘அஜ்ஜி’, வீட்டைக் குறிக்கும் ‘மனெ’, தொலைவில் இருக்கும் ஓர் ஊரின் பெயர் ஆகியவை அடிக்கடி தென்படுகின்றன. இத்தகைய பெயர் ஒரு வாக்குறுதி. ‘பாட்டி வீடு’ என்று படித்து உள்ளே வருபவர் தம்முடைய பாட்டியின் சுவையைத் தேடுகிறார். சமையலறையில் இருப்பவரோ வேறொருவருடைய பாட்டியின் கைப்பக்குவத்தைச் சமைக்கிறார். முதல் ஏமாற்றம் பெரும்பாலும் இந்த இடைவெளியில் பிறக்கிறது. அதற்கும் சமையலின் தரத்துக்கும் தொடர்பு குறைவு.

இரண்டாவது, மெனு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மொழியியலாளர் டான் ஜுராஃப்ஸ்கி, 2014இல் வெளிவந்த தம் நூலில், அமெரிக்க நகரங்களின் 6,500 மெனுக்களில் இடம்பெற்ற 6,50,000 உணவு வகைகளை ஆராய்ந்ததை விவரிக்கிறார். உணவை வருணிக்கும் சொற்களின் சராசரி நீளம் ஓர் எழுத்து கூடினால், அவ்வுணவின் விலை 18 சென்ட் கூடியிருந்தது. ‘சுவையான’, ‘புத்தம் புதிய’ போன்ற நிரப்புச் சொற்கள் மலிவான, நடுத்தர உணவகங்களிலேயே மிகுதி. விலையுயர்ந்த உணவகம் தன் காய்கறி புதியது என்று சொல்வதில்லை. அது தானாகவே புரிந்துகொள்ளப்படும் என்ற நம்பிக்கை அதற்கு இருக்கிறது. உரையாடலில் தேவைக்கு மேல் சொல்வது ஐயத்தை எழுப்பும் என்று கிரைஸ் வகுத்த அளவு நெறி மெனுவுக்கும் பொருந்துகிறது.

இதைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். ஒரு தர்ஷினியின் கல்லாவுக்கு மேலே உள்ள பலகையில் ‘இட்லி – வடை’ என்று எழுதி எதிரே விலை போட்டிருக்கும். வேறொரு சொல்லும் இராது. புதிய உணவகத்தின் மெனுவில் அதே இட்லி, கல்லில் அரைத்த மாவு, மரச்செக்கு எண்ணெய், பாரம்பரிய அரிசி என்று மூன்று அடைமொழிகளுடன் வருகிறது. உண்பவர் முதல் துண்டை வாயில் இடும்போது இட்லியை மட்டும் சுவைப்பதில்லை. அந்த மூன்று அடைமொழிகளையும் சேர்த்தே சுவைக்கிறார். மெனுவை எழுதத் தெரிந்த உரிமையாளருக்குக் கிடைக்கும் முதல் மதிப்பெண், சமைக்க மட்டுமே தெரிந்த உரிமையாளருக்குக் கிடைப்பதில்லை. வட கர்நாடகத்திலிருந்து வந்து ஒரு சிறு கானாவளி திறந்து, சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் வேர்க்கடலைச் சட்னிப்பொடியும் பரிமாறும் குடும்பம், தன் உணவை ஆங்கிலத்தில் வருணிக்கக் கற்றுக்கொள்ளும் வரை இரண்டாம் இடத்திலேயே நிற்கிறது.

மூன்றாவது, பரிமாறுபவரின் பேச்சு. பெங்களூரின் புதிய உணவகங்களில் தட்டேந்தி வரும் இளைஞர்களில் பலர் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தோ, ஒடிசாவிலிருந்தோ, வங்கத்திலிருந்தோ, நேபாளத்திலிருந்தோ வந்தவர்கள். கன்னடம் அவர்களுக்கு மூன்றாவதோ நான்காவதோ கற்கும் மொழி. ‘பஸ்ஸாரு என்றால் என்ன?’ என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு, கீரையும் பயறும் வெந்த நீரை வடித்து வைக்கும் குழம்பு அது என்று சொல்ல அவருக்குச் சொல் கிடைப்பதில்லை. ‘பணியாளருக்கே உணவைப் பற்றித் தெரியவில்லை, சேவை மோசம்’ என்று பதிவு எழுதப்படுகிறது. உண்மையில் அங்கே அளக்கப்பட்டது, ஒரு மொழியில் சில வாரங்களே பழகிய ஒருவரின் சொல்வளம். இரண்டாம் மொழி கற்றல் குறித்து வகுப்பறையில் மணிக்கணக்கில் விவாதிக்கும் ஒரு சமூகம், உணவக மேசையில் அமர்ந்தவுடன் அதை மறந்துவிடுகிறது. அந்த வரியைப் படித்த மேலாளர் யாரிடம் கோபத்தைக் காட்டுவார் என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நான்காவது, பக்கத்து மேசை. ‘நல்ல கூட்டம்’, ‘டீசன்ட் கிரவுட்’, ‘குடும்பத்தோடு செல்லத்தக்க இடம்’ என்னும் தொடர்கள் மதிப்புரைகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. இவை உணவைப் பற்றியவை அல்ல. உடன் உண்பவர்களின் உடை, பேச்சு, வருவாய் ஆகியவற்றைப் பற்றியவை. ‘சுத்தம்’ என்ற சொல்லின் நிலை இன்னும் சிக்கலானது. மேசை துடைக்கப்பட்டிருப்பதும் சுத்தம். ‘சுத்த சைவம்’ என்ற பலகையில் வருவதும் சுத்தம். முதலாவது சுகாதாரம், இரண்டாவதில் தீட்டு குறித்த நீண்ட வரலாறு ஒன்று உறைந்திருக்கிறது. ராகிக் களியும் ஆட்டுக்கறிக் குழம்பும் பரிமாறும் மிலிட்டரி ஹோட்டல்களைப் பற்றி எழுதுபவர்கள், ‘சிறிய இடம்தான், ஆனால் சுத்தம்’ என்று எழுதுவதைக் காணலாம். அந்த ‘ஆனால்’ எந்த எதிர்பார்ப்பை மறுப்பதற்காக வருகிறது என்று எழுதியவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பிறகே சுவை வருகிறது. சுவையிலும் முதல் வருகை சொல்வது உண்பவரின் ஊரைத்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்த மாணவர் பெங்களூரில் முதலில் சொல்லும் குறை, ‘சாம்பார் இனிக்கிறது’ என்பது. வெல்லம் சேர்ப்பது அந்தச் சமையலின் வழக்கம் என்பது ஒரு மாதம் கழித்துப் புரிகிறது. ஓர் ஆண்டு கழித்துச் சொந்த ஊருக்குப் போனால் அங்குள்ள சாம்பாரில் ஏதோ குறைவதாகத் தோன்றுகிறது. சங்கரபுரத்தில் உள்ள பிராமின்ஸ் காஃபி பாரில் இட்லிக்குச் சாம்பார் தருவதே இல்லை, சட்னி மட்டுமே. நகரின் மிகப் புகழ்பெற்ற இட்லிகளில் ஒன்று அங்கே கிடைக்கிறது. முதன்முறை செல்பவருக்கு அது பற்றாக்குறை. தொடர்ந்து செல்பவருக்கு அதுதான் அந்தக் கடையின் அடையாளம்.

இந்த இடத்தில் ‘அசல்’ என்ற சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். புதிய உணவகத்துக்கு வழங்கப்படும் மிக உயர்ந்த பாராட்டும் மிகக் கடுமையான கண்டனமும் இச்சொல்லைச் சுற்றியே அமைகின்றன. மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1986இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், அசல் எது என்னும் கவலை ஐயத்தின் அறிகுறி என்றும், குலையாமல் இயங்கிவரும் சமையல் மரபுக்குள் அக்கேள்வி அரிதாகவே எழுகிறது என்றும் வாதிட்டார். வீட்டில் தினமும் ராகிக் களி உண்பவர் அது அசலா என்று கேட்பதில்லை. அக்கேள்வியைக் கேட்பவர் வெளியிலிருந்து வருபவர். பல வேளைகளில் அதற்கு விடை சொல்லும் அதிகாரத்தையும் அவரே எடுத்துக்கொள்கிறார்.

பெங்களூரின் உணவு வரலாறே இதற்கு மறுப்பாக நிற்கிறது. 1924இல் தொடங்கப்பட்ட எம்.டி.ஆர். உணவகம் தன் வரலாறாகச் சொல்வது இது: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது ரவையைக் கொண்டு இட்லி செய்து பார்த்தார்கள், அப்படிப் பிறந்ததே ரவா இட்லி. அந்த வாரத்தில் நட்சத்திர மதிப்பீடு இருந்திருந்தால் என்ன எழுதப்பட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. ‘இது இட்லியே அல்ல’ என்ற வரி பத்துப் பேரிடமிருந்தாவது வந்திருக்கும். இன்று அது இந்நகரத்தின் அடையாள உணவு. அதைப் போலவே, 1983இல் ஜெயநகரில் திறக்கப்பட்ட கஃபே தர்ஷினி, நின்றபடியே உண்ணும் சுயசேவை முறையைப் பரவலாக்கியது. இருக்கை இல்லை, பரிமாற ஆள் இல்லை, உண்பவரே தட்டை எடுத்து வர வேண்டும். இன்றைய மதிப்பீட்டுப் படிவத்தில் ‘சூழல்’, ‘சேவை’ ஆகிய இரு கட்டங்களிலும் அது தோற்றிருக்கும். ஆனால் குறைந்த விலையில், விரைவாக, யாருக்கு அருகில் யார் நிற்பது என்ற கேள்வி எழாமல் உண்ண ஒரு நகரத்துக்கு வழி செய்தது அதுவே. புதிய முயற்சியின் முதல் தோற்றம் பழைய அளவுகோலில் எப்போதும் குறையாகவே தெரியும்.

சமையலறையின் காலக்கணக்கும் வேறு. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் டிசம்பர் மாத இரவுகள் குளிர்ந்தவை. மாவு புளிக்க எடுக்கும் நேரம் ஏப்ரலில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் நீரின் அளவு மாறும். புதிய தோசைக்கல் பழகுவதற்கு நாளாகும். எத்தனை பேர் வருவார்கள் என்பது தெரியாத முதல் வாரங்களில் சட்னி ஒரு நாள் மிஞ்சும். மறுநாள் பத்து மணிக்கே தீர்ந்துவிடும். ஆக, திறந்த முதல் மாதத்தில் கிடைப்பது அந்த உணவகத்தின் சராசரி ஆகாது. மிக நிலையற்ற ஒரு காலத்தின் ஒற்றைத் தரவுப்புள்ளி. அதிலிருந்து பொதுமைப்படுத்துவது எந்தத் துறையிலும் ஏற்கப்படாத செயல்.

இருந்தும் அந்த ஒற்றைப் புள்ளி பின்னால் வருவனவற்றை எல்லாம் வளைத்துவிடுகிறது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946இல் வெளியிட்ட சோதனையில், ஒருவரைப் பற்றிய ஒரே பண்புச்சொற்களை இரு குழுக்களுக்கு வெவ்வேறு வரிசையில் கொடுத்தார். நல்ல பண்புகள் முன்னால் வந்த பட்டியலைக் கேட்டவர்கள் அம்மனிதரைப் பற்றி நல்லபடியாகவும், பொறாமை, பிடிவாதம் என்று தொடங்கிய பட்டியலைக் கேட்டவர்கள் தாழ்வாகவும் மதிப்பிட முற்பட்டார்கள். சொற்கள் அவையே, வரிசை மட்டுமே வேறு. உணவக மதிப்புரைகளின் பக்கமும் இப்படிப்பட்ட ஒரு பட்டியல்தான். ‘சாம்பார் ஆறிப்போயிருந்தது’ என்பதை முதலில் வாசித்துவிட்டுப் போகிறவர் சாம்பாரைத் தொட்டுப் பார்த்துவிட்டே உண்ணத் தொடங்குகிறார்.

மதிப்புரையின் மொழியும் கவனத்துக்குரியது. ஜுராஃப்ஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒன்பது லட்சம் இணைய உணவக மதிப்புரைகளை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒற்றை நட்சத்திர மதிப்புரைகளின் மொழி, பேரதிர்ச்சிக்கு ஆளானவர்கள் எழுதும் மொழியை ஒத்திருந்தது: இறந்தகால வினைகள், ‘அவன் சொன்னான், அவள் செய்தாள்’ என்ற பிறர் மீதான கதையாடல், ‘நாங்கள்’ என்னும் கூட்டுத் தன்மை. உணவைவிட மனிதர்கள் நடந்துகொண்ட விதமே அவற்றில் முதன்மை பெற்றது. ஒரு மசாலா தோசை தாமதமானது பெருந்துயரத்தின் இலக்கணத்தில் எழுதப்படுகிறது. வாசிப்பவருக்கு அந்த இலக்கணம்தான் முதலில் எட்டுகிறது.

இதன் விளைவு பணத்தில் தெரிகிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருவாய்த் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வில், ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை கூடுவதைக் கண்டார். அந்த விளைவு தனி உணவகங்களுக்கே உரியது; பல கிளைகள் கொண்ட சங்கிலி உணவகங்களை அது பாதிக்கவில்லை. காரணம் எளிது: சங்கிலி உணவகத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. தெருமுனையில் புதிதாகத் திறந்த கடைக்கு மதிப்புரைதான் பெயர். அவசரத் தீர்ப்பு யாரைத் தாக்குகிறது, யாரைத் தொடாமல் விடுகிறது என்பது இதிலிருந்து விளங்கும். இந்திய நகரங்களின் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் பெயர் இல்லாதவரே அடிபடுவார் என்ற தர்க்கம் ஊருக்கு ஊர் மாறாது.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்க இயலாது. உதவித்தொகை மூன்று மாதம் தாமதமாக வரும் ஓர் ஆய்வு மாணவர், மாதத்தில் ஒரு முறைதான் வெளியே உண்ண முடியும். அவரிடம் ‘மூன்று முறை சென்று பார்த்துவிட்டு எழுது’ என்று சொல்வது வசதி படைத்தவரின் அறிவுரை. காசு கொடுத்தவருக்குக் குறை சொல்லும் உரிமை முதல் நாளிலேயே உண்டு. மேலும், எல்லோரும் மூன்றாம் வருகைக்காகக் காத்திருந்தால், ஏமாற்றும் உணவகத்தைப் பற்றி யாரும் யாரையும் எச்சரிக்க முடியாது.

இம்மறுப்பு சரியானதே. அதனால்தான் ஒரு வருகை எதைச் சொல்லப் போதுமானது, எதைச் சொல்லப் போதாது என்று பிரித்துப் பார்ப்பது தேவையாகிறது. சில செய்திகளுக்கு ஒரு வருகையே மிகுதி. குடிநீர்க் குவளையில் அழுக்கு இருந்தால் அது ஒரு நாளானாலும் குறைதான். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் ரசீதில் இல்லையென்றால் அதைச் சுட்டிக்காட்டலாம். சேவைக் கட்டணத்தைக் கேட்காமலே ரசீதில் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடுக்கின்றன. அவற்றை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அப்படி ஒரு தொகை சேர்க்கப்பட்டிருந்தால் அன்றே எழுதலாம்; எழுதவும் வேண்டும். யாரையேனும் உடையையோ தோற்றத்தையோ பார்த்து வாயிலில் நிறுத்தினால், அதற்கு இரண்டாம் வருகை தேவையில்லை. இவை சரிபார்க்கத்தக்க செயல்கள். ஒரு முறை நடந்தாலும் நடந்ததுதான்.

சுவை, பக்குவம், ‘அசல்’தன்மை, பணியாளரின் அறிவு, சூழல் ஆகியவை வேறு வகை. இவற்றைப் பற்றி ஒரு வேளை உணவுக்குப் பின் எழுதக் கூடாது என்பதில்லை. குறிப்பாக எழுதலாம் என்பதே கோரிக்கை. எந்த நாள், எந்த நேரம், என்ன உண்டது, கடை திறந்து எத்தனை நாளாயிற்று என்பவற்றை எழுதுவதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. ‘சாம்பார் சரியில்லை’ என்பதைவிட, ‘சாம்பாரில் வெல்லம் தூக்கல், புளிப்பு விரும்புபவர்களுக்கு ஏற்றதன்று’ என்பது வாசிப்பவருக்கும் உதவும், சமைப்பவருக்கும் உதவும். ‘அசல் இல்லை’ என்று எழுதும் முன் எந்த ஊரின், எந்த வீட்டின் அசல் என்று சொல்லலாம். பணியாளரைப் பற்றி எழுதும்போது பெயரையும் பேச்சுவழக்கையும் விடுத்து, நடந்த செயலை மட்டும் எழுதலாம். நட்சத்திரத்தை மட்டும் பின்னொரு வருகைக்கு ஒத்திவைக்கலாம். அது வராமலே போனாலும் எவருக்கும் இழப்பில்லை.

இவை புதிய விதிகள் அல்ல. தரவின் எல்லையைச் சொல்வது, சூழலைப் பதிவது, தகவலாளரைக் காப்பது, தன் சார்பை வெளிப்படுத்துவது என்று ஒவ்வொரு ஆய்வு மாணவரும் முதல் ஆண்டிலேயே கற்பவைதாம். ஒரு சமூகத்தின் மொழியைப் பற்றி எழுதும்போது இவ்வளவு கவனம் கோரும் கல்விச் சூழல், அதே சமூகத்தின் சோற்றைப் பற்றி எழுதும்போது அதைத் துறந்துவிடுவதற்கு நியாயம் ஏதும் இல்லை.

கன்னடத்தில் ஒருவரைச் சந்தித்ததும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று ‘ஊட்டா ஆய்த்தா?’ என்பது. சாப்பாடு ஆயிற்றா என்பது அதன் பொருள். அக்கேள்வி எப்படி இருந்தது என்று கேட்பதில்லை. உண்டாயிற்றா என்று மட்டும் கேட்கிறது. கடன் வாங்கிக் கடை திறந்து, முதல் வாரம் முழுவதும் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் தம் சோற்றை உண்ணும் ஒரு குடும்பத்திடம் அக்கேள்வியைக் கேட்கும் வாடிக்கையாளர்கள் மிகச் சிலரே. கேட்டவர்கள் பெரும்பாலும் இரண்டாம் முறையும் வந்தவர்கள்.

மாற்றுக் கருத்துகள் வரவேற்கப்படுகின்றன. குறிப்பாக, உணவகங்களில் பணிபுரிந்துகொண்டே படித்தவர்களிடமிருந்து.